ஏழெட்டு அம்பத்திநாலு

எங்கள் கணிதத் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அறை இரண்டாவது மாடியில், கழிவறைக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்தது. மேசைகள் நான்கு, ஆட்கள் ஐந்து. ஐந்தாவது ஆள், யாராவது வெளியே போகும்வரை கதவருகில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருப்பார். நின்றுகொண்டு யோசித்தால்தான் கணிதம் நன்றாக வரும் என்று நாங்கள் அவருக்கு ஆறுதல் சொல்வோம். அந்த அறைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே ஜன்னலோர மேசையில் பையை வைத்து உட்கார்ந்துவிட்டவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது யாருடைய மேசை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னுடையது என்று சொல்லியிருப்பேன். அதன் பிறகு கதவருகில் நின்றவன் நான்தான்.

அவள் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடையில் விலைபோகாமல் தேங்கிய பிரேம்களெல்லாம் கடைசியில் தங்கையின் மூக்குக்கு வந்து சேரும். ஒரு வருஷம் ரத்தச் சிவப்பு, அடுத்த வருஷம் பூனைக்கண். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் வேறு கம்பெனியுடையது, எப்போதும் படுத்தே கிடக்கும். அடுத்த கம்பெனி மெஷினைத் தொடுவது முறையில்லை என்று சொல்லி, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் ஐந்து மாடி ஏறுவார்.

அக்காவுக்கு ஒரே கேள்விதான்.

"அப்படி என்னதான்டி கண்டுபிடிக்கிற அங்க?"

"ஒரு சமன்பாடு இருக்குக்கா. அதுக்குத் தீர்வுன்னு ஒண்ணு இருந்தா, அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும்னு நிரூபிச்சிட்டேன்."

"சரி, அந்த ஒண்ணு இருக்கா?"

"அது இன்னும் தெரியலக்கா."

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாப்பிள்ளை பாக்கற மாதிரின்னு சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு தங்கையின் படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று உறவுக்காரர்கள் கேட்டாலும் சரி, கல்யாணம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாலும் சரி, அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "கிடைச்சா ஒண்ணுதான். கிடைக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கா."

எங்களுக்கு உதவித்தொகை சும்மா கொடுப்பதில்லை. முதலாமாண்டு இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் பெரிய ஹாலில் பாடம் நடத்துவார். பிறகு அவர்களை நாற்பது நாற்பது பேராகப் பிரித்து எங்களிடம் தள்ளிவிடுவார்கள். நாங்கள் டுடோரியல் எடுக்க வேண்டும். டுடோரியல் என்றால், பேராசிரியர் சொன்னதில் புரியாததை நாங்கள் போர்டில் கணக்குப் போட்டுப் புரியவைப்பது. பேராசிரியருக்கு வருவது கைதட்டல், எங்களுக்கு வருவது கொட்டாவி.

அவளுடைய முதல் டுடோரியலை நான் பார்க்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வளைகோட்டைச் சுழற்றினால் வரும் பாத்திரத்தின் கொள்ளளவு. கஷ்டமான கணக்குதான். அதை அவள் தண்ணீர் பட்ட பாடாகப் போட்டுக்கொண்டே போனாள். கடைசி வரியில் ஏழை எட்டால் பெருக்க வேண்டியிருந்தது. ஐம்பத்திநாலு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மேடம், ஏழெட்டு அம்பத்தாறு."

அவள் திரும்பினாள். போர்டைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு சிரிப்புச் சிரித்து மாற்றி எழுதியிருப்பார்கள். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, "நிச்சயமாவா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விதான் அவளுக்குப் பெயர் வைத்தது. சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆயிற்றாம். அன்றிலிருந்து அவள் அம்பத்திநாலு. துறை அலுவலகத்து கிளார்க் கூட, "அம்பத்திநாலு மேடத்துக்கு ஒரு கையெழுத்து பாக்கி" என்று எங்களிடம் சொல்லியனுப்பினார்.

அவளுக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஐந்து பேரில் மூளை அவளுக்குத்தான். சிக்கல் என்னவென்றால், அவள் மனசு மூன்று வரி முன்னால் ஓடும், கை ஒரு வரி பின்னால் வரும். நடுவில் நாற்பது ஜோடிக் கண் முதுகில் குத்தும்போது, கழித்தல் குறிகள் வழியில் உதிர்ந்துவிடும். எக்ஸ் என்று கிளம்பியது ஒய் என்று போய்ச் சேரும்.

முதல் வாரம் ஜன்னலோர மேசையில் கவிழ்ந்து அழுதாள். நான் யோசனை சொன்னேன்: "எல்லாத்தையும் வீட்டுலயே பேப்பர்ல போட்டுட்டு வந்து, பாத்து எழுது." அப்படியே செய்தாள். பார்த்து எழுதும்போது ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். முன்பு ஒரு தப்பு வந்த இடத்தில் இப்போது மூன்று வந்தது. அதன் பிறகு அவள் என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

நான் நன்றாகப் பாடம் நடத்துகிறவன். இதை நானாகச் சொல்லவில்லை, என் மாணவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நிறச் சாக்பீஸ், நேர்கோடு, முத்து முத்தான எழுத்து. என் பிரிவில் ஈ பறந்தால் கேட்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள், கடைசியில் செல்போனில் போர்டைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் பிரிவோ சந்தைக்கடை. அம்பத்திநாலு இன்றைக்கு எந்த வரியில் விழுவாள் என்று டீக்குப் பந்தயம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். தப்பைக் கண்டதும் ஒரு நெட்டைப் பையன் எழுந்து நின்று, கிரிக்கெட்டில் அவுட் கொடுப்பதுபோல ஒற்றை விரலைத் தூக்குவான். அவனுக்கு அம்பயர் என்று பெயர் வந்துவிட்டது. இதில் ஒரு சங்கடம், அவளுடைய தப்பை அவள் எழுதும் வேகத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு டீக்காக நாற்பது பேரும் முந்தின நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

அழுது முடித்த பிறகு அவள் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். விரலைத் தூக்கினால் மட்டும் போதாது. போர்டுக்கு வந்து ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். வந்தார்கள். சில சமயம் அவள் எழுதியதுதான் சரியாக இருக்கும், வந்தவன் மாட்டிக்கொள்வான். அப்போது வகுப்பு அவனைக் கிழித்துவிடும். சில சமயம் இரண்டு பேர் சொல்வதும் தப்பாக இருந்து, மூன்றாவதாக ஒருத்தி பின்னாலிருந்து பெஞ்சுகளைத் தாண்டிக்கொண்டு வருவாள். மணி அடித்ததே தெரியாது. அடுத்த வகுப்புக்காரர் கதவைக் கையால் தட்டித் தட்டி, கடைசியில் டஸ்டரால் தட்டுவார்.

இடைத்தேர்வு வந்தது. முடிவும் வந்தது. அம்பத்திநாலின் பிரிவு முதலிடம்; சாதாரண முதலிடம் அல்ல, இரண்டாவது வந்த பிரிவு எட்டிப் பிடிக்க முடியாத முதலிடம். கடைசி இடம் என்னுடையது. என் மாணவர்களின் விடைத்தாள்கள் பார்க்க அழகாக இருந்தன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பாடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். சொந்தச் சாக்பீஸைப் பூட்டுப் போட்ட டப்பாவில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர். யாரையும் நம்பாதவர். ஏழெட்டு தெரியாதவளின் பிரிவு எப்படி முதலிடம் வரும்? வினாத்தாள் கசிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். குழுவில் அவர், துறைத் தலைவர், புள்ளியியல் பேராசிரியர் ஒருவர். ஆராய்ச்சி மாணவர்கள் சார்பில் ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. அறையில் நின்றுகொண்டிருந்தவன் நான் என்பதால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

புள்ளியியல் பேராசிரியர் ஒரு வரைபடத்தை நீட்டி, "இந்த மார்க் தற்செயலா வர வாய்ப்பே இல்ல" என்றார்.

துறைத் தலைவர் நிமிர்ந்தார். "அப்ப காப்பி அடிச்சிருக்காங்க?"

"நான் அப்படிச் சொல்லல. தற்செயல் இல்லைன்னுதான் சொன்னேன்."

"தற்செயல் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"தற்செயல் இல்லைன்னு அர்த்தம்."

துறைத் தலைவர் தண்ணீர் குடித்தார். அம்பத்திநாலு ஓரமாக, பூனைக்கண் கண்ணாடியோடு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். உதவித்தொகை போனால் படிப்பே போச்சு. முதல் சாட்சியாக அம்பயரைக் கூப்பிட்டார்கள். வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து வந்தான்.

"தம்பி, பயப்படாம சொல்லு. மேடம் உங்களுக்குத் தேர்வுக்கு முன்னாடி எதாவது சொன்னாங்களா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"சொன்னாங்க சார். ஆனா மேடம் சொல்றது எதையும் நாங்க நம்பறதில்ல."

"என்னது?"

"ஒரு வரியும் நம்ப மாட்டோம் சார். எல்லாத்தையும் நாங்களே ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம்."

அம்பத்திநாலு தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"சரி, புத்தகத்தையாவது நம்புவீங்களா?" என்று கேட்டார் துறைத் தலைவர்.

"மொதல்ல நம்பினோம் சார். பின்னாடி போட்டிருக்கற விடையில ரெண்டு மூணு தப்பா இருந்துச்சு. அதோட விட்டுட்டோம்."

"நல்ல வேளை, வினாத்தாளையாவது நம்பினீங்களே" என்று ஒருங்கிணைப்பாளர் எகத்தாளமாகச் சொன்னார்.

அம்பயர் நெளிந்தான். "இல்ல சார். நாலாவது கேள்வியில ஒரு கழித்தல் குறி விட்டுப் போயிருந்துச்சு. அப்படியே போட்டா விடை முடிவிலிக்குப் போயிடும். அதான் குறி இருக்கறதா வெச்சுக்கறோம்னு மேல எழுதிட்டு, போட்டோம்."

வினாத்தாளைத் தயாரித்தவர் ஒருங்கிணைப்பாளர். துறைத் தலைவர் ஒரு பிரதியை எடுத்து நாலாவது கேள்வியைப் பார்த்தார், புள்ளியியல் பேராசிரியரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். குறி இல்லை. மற்ற பிரிவுகளில் நிறைய பேர் அந்தக் கேள்வியில் முட்டி மோதி, மிச்சக் கேள்விகளுக்கு நேரமில்லாமல் திண்டாடியிருக்கிறார்கள். என் பிரிவில் பாதிப் பேர் முடிவிலியை எப்படியோ மடக்கி ஒரு நல்ல எண்ணாக்கி, பெட்டி கட்டிக் காட்டியிருந்தார்கள்.

"இது அச்சுப்பிழை" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஆமா சார்," என்று அம்பயர் பெருந்தன்மையாகச் சொன்னான், "எங்க மேடத்துக்கும் அடிக்கடி வரும்."

விசாரணை அத்தோடு முடிந்தது. ஆனால் தொல்லை முடியவில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு குணம், தோற்றாலும் அதிலிருந்து ஒரு திட்டத்தை உருவிவிடுவார். இனி டுடோரியல் எடுக்கிற எல்லோரும் வகுப்புக்கு ஒரு தப்பாவது வேண்டுமென்றே போட வேண்டும், எப்படிப் போடுவது என்று அம்பத்திநாலு எங்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

பேராசிரியர்கள் முன்வரிசையில் உட்கார, அவள் போர்டுக்குப் போனாள். ஒரு நீண்ட கணக்கு. முதல் வரி சரி. இரண்டாவது சரி. பெருக்கல் எல்லாம் கச்சிதம், குறிகள் அதனதன் இடத்தில். போர்டு நிறைந்தது. விடையும் வந்தது. ஒருங்கிணைப்பாளர் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "தப்பு எங்கம்மா?"

"வரல சார்" என்றாள் அவள், அழாத குறையாக.

நான் என் வகுப்பில் முயன்று பார்த்தேன். மூன்றும் நான்கும் எட்டு என்று, நீல நிறச் சாக்பீஸில், அழகாக எழுதினேன். திரும்பிப் பார்த்தால் நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் கை தூக்கினான். உயிர் வந்ததுபோல, "சொல்லுப்பா" என்றேன். "சார், அந்த எட்டைக் கொஞ்சம் தள்ளி எழுதுங்க, போட்டோவுல வெளிச்சம் அடிக்குது" என்றான்.

திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கிடையில் அவள் ஆராய்ச்சியும் ஒரு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கைடு பேசவே மாட்டார். எதைக் காட்டினாலும் "ம்" என்பார். ஏறுகிற ம் என்றால் நல்லது, இறங்குகிற ம் என்றால் மறுபடி போடு, நீள்கிற ம் என்றால் அவர் வேறு எதையோ யோசிக்கிறார். ஒரு நாள் அவள் அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனபோது ஏறுகிற ம் வந்ததாம். கருத்தரங்கில் பேசச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷக் கருத்தரங்குக்கு ஒரு பெரிய கணித மேதை வந்திருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழ்ப் பேராசிரியை, நரைத்த கிராப்பு. அவர் இல்லாதபோது எல்லோரும் அவரைக் கத்தரி என்பார்கள். யார் பேசினாலும் பாதியில் நறுக்குவார், நறுக்கிய இடத்திலிருந்து பேசுகிறவர் மறுபடி எழுந்ததாகச் சரித்திரமில்லை. முந்தின பேச்சாளர் ஒரு பேராசிரியர். கத்தரி கேட்ட ஒரு கேள்விக்கு, "அதை அப்புறம் தனியாப் பேசிக்கலாம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வியர்த்து இறங்கிவிட்டார்.

அம்பத்திநாலு ஏறினாள். அக்காவும் அத்தானும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தங்கைக்குப் புதிதாக ஒரு பச்சை பிரேம் மாட்டிவிட்டிருந்தாள். இரண்டாவது போர்டு பாதி நிறைந்திருக்கும்.

"நில்லு" என்றார் கத்தரி. "அது தப்பு."

கைடின் வாயிலிருந்து இதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு ம் வந்தது. கடைசி வரிசையில் அக்கா, "யாருங்க அந்தம்மா?" என்று அத்தானிடம் கேட்டது எனக்கே கேட்டது.

அம்பத்திநாலு சாவகாசமாகத் திரும்பினாள். வாரம் தவறாமல் நாற்பது பேரிடம் அடி வாங்கியவள். "எங்க மேடம்?" என்று கேட்டாள்.

"மூணாவது வரி. சமனின்மைக் குறி தலைகீழா இருக்கு."

அவள் போர்டைப் பார்த்தாள். "ஆமா, தப்புதான்" என்று சொல்லி டஸ்டரை எடுத்து அந்த வரியை அழித்தாள். பிறகு, அது அவளுடைய சொந்த வீடு என்பதுபோல, சாக்பீஸால் உதட்டைத் தட்டிக்கொண்டு உரக்கவே யோசித்தாள். "இது திரும்பினா கீழ இருக்கற ரெண்டு வரியும் விழுந்துடும்... ஆனா கடைசியில நமக்கு வேண்டியது அவ்வளவு பலமான விஷயமில்ல. இதை ரெண்டு துண்டா உடைச்சுட்டா..." உடைத்தாள். எழுதினாள். நடுவில் ஒரு கூட்டல் தப்பாகப் போக, கத்தரி அதையும் சொன்னார். "தேங்க்ஸ் மேடம்" என்று திருத்திக்கொண்டாள். நிரூபணம் முன்பிருந்ததைவிடச் சின்னதாகி, போர்டின் மூலையில் அடங்கிவிட்டது.

முடிந்ததும் டீ இடைவேளையில் கத்தரி நேராக அவளிடம் வந்தார். நாங்களெல்லாம் பிஸ்கட்டை வைத்துவிட்டு நகர்ந்தோம்.

"இத்தனை வருஷத்துல 'ஆமா, தப்புதான்'னு சட்டுனு ஒத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல. எங்க கத்துக்கிட்ட?"

"ஃபர்ஸ்ட் இயர் டுடோரியல்ல மேடம்."

"படிப்பு முடிஞ்சதும் என்கிட்ட வந்து சேரு. ரெண்டு வருஷம் வேலை பாரு. எனக்கு முன்னாடி நடுங்காத ஆள் ஒருத்தர் வேணும். நடுங்கறவங்களோட எனக்கு வேலையே ஓடல."

ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, கடல் தாண்டிப் போக விசாவும் வந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் பாதி, கோபம் பாதி. "தீர்வு இருக்குன்னு கண்டுபிடிச்சதும் வீட்டுல இருக்கக் கூடாதா? அதுக்கும் வெளியூர் போகணுமா?" என்று அத்தானிடம் கேட்டாளாம். அத்தான், "லிஃப்ட் மேல வந்துட்டா கதவைத் திறந்துதான் ஆகணும்" என்றாராம். அந்த வீட்டில் அவர் சொன்னதில் அதுதான் நீளமான பேச்சு.

விமான நிலையத்துக்கு நானும் பெட்டி தூக்கப் போனேன். எடை கூடிவிட்டது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அக்கா தரையிலேயே உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் வழிவிட்டு நடக்க, பெட்டியைத் திறந்தாள். ஸ்வெட்டர்களைத் தொடவிடவில்லை. தலையணை தண்டியில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

"இதுல இருக்கறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. ஆனா..."

"தெரிஞ்சத எதுக்குச் சுமக்கற?" புத்தகம் வெளியே வந்தது. அந்த இடத்தில் இன்னொரு போர்வை போயிற்று.

அவள் உள்ளே போனாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தவறான வரிசையில் போய் நின்று, அங்கிருந்து விரட்டப்பட்டு, சரியான வரிசைக்கு ஓடினாள். திரும்பிக் கையசைத்தாள். பச்சை பிரேம் கடைசியாகத் தெரிந்தது. அக்கா அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் அக்கா என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"இல்லக்கா."

"வா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அஞ்சு மாடி ஏறணும், பரவாயில்லையா?"

ஏறினோம். அக்கா எனக்கு இரண்டு தடவை சாதம் வைத்தாள். வேண்டாம் என்று சொன்னது எடுபடவில்லை. அந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைக்காதது, என் ஆராய்ச்சிக்கும் கட்டாயம் வேண்டியது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அக்கா அதைத் துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் தங்கையின் போட்டோவுக்குக் கீழே நிறுத்தி வைத்துவிட்டு, சரியாக நிற்கிறதா என்று இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள். நான் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.